ஒன்று மிக ஒன்று குறைதல்: எதிர்த்தொடர்பு பற்றிய ஓர் ஆராய்ச்சி

முகவுரை

தமிழிலக்கியம் பயிலும் யாம் புள்ளியியலைச் சார்ந்த பொருளொன்றை எழுதப் புகுந்தமை அன்பர் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஒரு வாக்கியத்தின் பொருளை வரையறுத்துக் கொள்ளுதலும், அது சொன்னவற்றிலிருந்து சொல்லாதவற்றை எவ்வளவு தூரம் உய்த்துணரலாம் என்று ஆராய்தலும் இலக்கணம் கற்போர்க்கு உரிய தொழிலேயாம். இந்நாளில் உடல்நலத்தைப் பற்றியும் சமுதாயத்தைப் பற்றியும் வெளிவரும் ஆராய்ச்சிகளில், "இது மிக, அது குறையும்" என்னும் வடிவமுடைய வாக்கியம் பலகாலும் வருகின்றது. தாயின் கல்வி மிகக் குழந்தைச் சாவு குறையும் என்பர். குடும்பத்தின் வருவாய் மிக நோய் குறையும் என்பர். உடலுழைப்பு மிக நெஞ்சுநோய் குறையும் என்பர். இவற்றைப் படித்தவுடன், "அப்படியாயின் முன்னதை மிகுவித்தால் பின்னது தானே குறைந்துவிடும்" என்று நம் மனம் துணிந்துவிடுகின்றது. அத்துணிபு எப்பொழுது தகும், எப்பொழுது தகாது என்பதே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்திற்குக் கிழக்கேயுள்ள மீனவர் குப்பங்களைப் பற்றி இத்தகைய வாக்கியமொன்று எழுதப்பட்டது. குடியிருப்புக்களை எங்கே அமைப்பது, எதன்பொருட்டுப் பொருளும் உழைப்பும் செலவிடுவது என்னும் வினாக்களுக்கு, அவ்வாக்கியத்தின் பொருளை நாம் எவ்வாறு கொள்கிறோமோ அவ்வாறே விடை அமையும். ஆதலின் முதலில் சொற்பொருளைத் தெளிந்து, பிறகு இலண்டன் மாநகரின் பழைய வரலாறு ஒன்றைக் கண்டு, அதன்பின் நம் கடற்கரைக்கு வருவோம்.

1. எதிர்விகிதமும் எதிர்த்தொடர்பும்

அளவில் மாறுபடும் தன்மையுடைய எதனையும் "மாறி" என்பது கணக்கியலார் வழக்கு. ஒருவருடைய வயது, ஓர் ஊரின் உயரம், ஆயிரம் பேருக்கு இத்தனை சாவு என்னும் வீதம் ஆகிய இவையெல்லாம் மாறிகள். இரு மாறிகளுள் ஒன்று மிகும்போது மற்றொன்று குறைவதனைப் பள்ளிக்கூடத்தில் எதிர்விகிதம் என்னும் பெயரால் கற்றிருக்கிறோம். 6 ஆட்கள் 10 நாளில் வெட்டும் குளத்தை 12 ஆட்கள் 5 நாளில் வெட்டுவர். 6ஐ 10ஆல் பெருக்கினாலும், 12ஐ 5ஆல் பெருக்கினாலும் 60 என்னும் எண்ணே வரும். பெருக்கி வந்த தொகை மாறாதிருத்தலே எதிர்விகிதத்தின் இலக்கணம். அதற்கு விலக்கில்லை.

மக்களைப் பற்றிய ஆராய்ச்சியில் வருவது இத்தகையதன்று. தாய்மார் கல்வி மிக்க ஊர்களில் குழந்தைச் சாவு பெரும்பாலும் குறைந்திருக்கும். ஆயினும், கற்றோர் மிக்க ஓரூரில் அது சற்று மிகுந்தும், கல்லாதார் மிக்க வேறோரூரில் குறைந்தும் இருத்தல் கூடும். பெருக்கற்றொகை மாறாமை என்னும் விதி இங்கே இல்லை. பலவற்றையும் ஒருங்கு நோக்குங்கால் புலப்படும் ஒரு சாய்வே உண்டு. இதனை எதிர்விகிதம் என்னாது "எதிர்த்தொடர்பு" என்று வேறு பெயரால் வழங்குதல் நலம்.

இச்சாய்வின் அளவைக் கூறும் எண்ணைத் தொடர்புக்கெழு என்பர். கார்ல் பியர்சன் என்னும் ஆங்கிலேயர் 1896ஆம் ஆண்டில் வகுத்த வாய்பாடு இன்றும் வழங்குகின்றது. அக்கெழு −1 முதல் +1 வரை அமையும். எல்லாப் புள்ளிகளும் கீழ்நோக்கிச் சரியும் ஒரே நேர்கோட்டின்மேல் நிற்பின் −1 ஆகும்; நேர்கோட்டுச் சாய்வு எதுவும் இல்லையேல் சுழி ஆகும். இக்கெழு நேர்கோட்டையே அளப்பது என்பதை மறத்தலாகாது. மேற்கூறிய குளக்கணக்கில் உறவு குறையற்றது. ஆயினும் அதனை வரைந்தால் வளைகோடாக வருமாதலின், ஆட்களின் எண்ணிக்கை பலவற்றை வைத்துக் கணக்கிடும்போது அதன் கெழு −1 ஆவதில்லை.

இன்னுமொன்று கருதத்தக்கது. கெழு இரு மாறிகளும் எவ்வளவு நெருங்கிச் செல்கின்றன என்று மட்டுமே கூறும். ஏன் அவ்வாறு செல்கின்றன என்று கூறாது. "காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தாற்போல" என்று நம் முன்னோர் கூறியது, உடனிகழ்ச்சியைக் காரணமாக மயங்கற்க என்பதற்கே. ஆயினும் ஆராய்ச்சியில் வரும் இடர் இதனினும் நுட்பமானது. காக்கை உட்காருவதும் பழம் விழுவதும் ஒருமுறை தற்செயலாக நேர்ந்தவை. நாம் காணப்போவனவோ நூறுமுறை நோக்கினும் பொய்க்காத எதிர்த்தொடர்புகள். அவற்றிலும் காரணம் வேறிடத்தில் இருத்தல் கூடும்.

2. இலண்டன் மாநகரின் உயரமும் வாந்திபேதியும்

1848, 1849ஆம் ஆண்டுகளில் இலண்டன் மாநகரில் வாந்திபேதி என்னும் காலரா பரவிப் பெருஞ்சாவு விளைத்தது. வில்லியம் பார் என்பவர் அக்காலத்தில் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவரங்களைத் தொகுத்தவர். அவர் மாநகரின் பகுதிகளைத் தேம்சு ஆற்றின் நீர்மட்டத்திற்கு மேல் எத்தனை அடி உயரத்தில் உள்ளன என்று பிரித்துச் சாவுகளை எண்ணினார். 20 அடிக்குக் குறைந்த இடங்களில் பதினாயிரம் பேருக்கு 102 பேர் இறந்தனர். 20 முதல் 40 அடி வரை 65 பேர். 40 முதல் 60 அடி வரை 34 பேர். 100 முதல் 120 அடி வரை 17 பேர். படிப்படியாக உயரம் மிகச் சாவு குறைந்தமை உள்ளங்கை நெல்லிக்கனிபோல் விளங்கிற்று. 1852ஆம் ஆண்டில் இதனை அவர் அறிக்கையாக வெளியிட்டார். ஆற்றங்கரையின் தாழ்நிலங்களிலிருந்து எழும் நச்சுக்காற்றே நோய்க்குக் காரணம் என்பது அக்காலத்துப் பலரும் கொண்ட கருத்தாதலின், உயரக் கணக்கு அக்கருத்திற்கு அரண் செய்தது.

எண்களில் பிழையில்லை, எதிர்த்தொடர்பும் மெய்யே. ஆயினும் காரணம் காற்றன்று. தாழ்ந்த பகுதிகளில் வாழ்ந்தோர் பலர் கழிவு கலந்த ஆற்றுநீரையே பருகினர். ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் 1854ஆம் ஆண்டில் இதனைப் பிரித்துக் காட்டினார். தென் இலண்டனில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருக்களில் அடுத்தடுத்த வீடுகளுக்கு நீர் வழங்கிவந்தன. அவற்றுள் லாம்பெத் கம்பெனி 1852இல் தன் நீரெடுக்கும் இடத்தை மாநகரின் கழிவு கலவாத மேலாற்றுக்கு மாற்றிக்கொண்டது. சவுத்வார்க் வாக்சால் கம்பெனி மாற்றவில்லை. நோய் பரவிய முதல் ஏழு வாரங்களில், மாற்றாத கம்பெனியின் நீரைப் பெற்ற பதினாயிரம் வீடுகளுக்கு 315 பேரும், மாற்றிய கம்பெனியின் நீரைப் பெற்ற பதினாயிரம் வீடுகளுக்கு 37 பேரும் இறந்தனர். தெரு ஒன்று, உயரம் ஒன்று, காற்றும் ஒன்று. நீர் மட்டுமே வேறு. 1866ஆம் ஆண்டின் நோய்ப் பரவலை ஆராய்ந்தபொழுது வில்லியம் பார் தாமே நீரின் குற்றத்தை எடுத்துக்காட்டினார் என்பது அவருடைய நேர்மைக்குச் சான்று. 1884ஆம் ஆண்டில் ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானியர் நம் நாட்டுக் கல்கத்தா நகரில் ஆராய்ந்து, இந்நோயின் கிருமியைப் பிரித்தெடுத்தார்.

நம் தருக்க நூலார் இத்தகைய மறைபொருளுக்கு "உபாதி" என்று பெயரிட்டனர். புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு என்னலாம். நெருப்புள்ள இடமெல்லாம் புகையுண்டு என்னலாகாது, ஏனெனில் புகைக்கு ஈர விறகின் சேர்க்கை வேண்டும். அவ்வீர விறகே ஈண்டு உபாதி. இலண்டன் கணக்கில் நீர் உபாதியாய் நின்றது. உபாதியை அறியாதார் மேட்டுநிலத்திற்குக் குடிபெயர்வதையே மருந்தாகக் கருதியிருப்பர். அறிந்தவரோ நீரைத் தூய்மை செய்வர்.

3. பரங்கிப்பேட்டைக் கடற்கரை

இனி நம் நாட்டிற்கு வருவோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை 6.29 மணியளவில் சுமத்திராத் தீவின் அருகே கடலடியில் பெருநிலநடுக்கம் தோன்றிற்று. அதனால் எழுந்த அலைகள் இரண்டு மணி நேரத்திற்குமேல் கடந்து தமிழகக் கரையை அடைந்தன. அக்காலத்தில் இந்தியப் பெருங்கடலில் ஆழிப்பேரலையை முன்னறிவிக்கும் ஏற்பாடு எதுவுமில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தனர்.

அம்மாவட்டத்தின் தென்பகுதியில், வெள்ளாற்றின் முகத்துவாரத்திற்கும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்திற்கும் இடையே, பிச்சாவரம் அலையாத்திக் காடு உள்ளது. உப்பங்கழியில் வளரும் இம்மரங்களுள் கண்டல் முதலியவற்றைப் பண்டைப் புலவர்கள் நெய்தல் நிலத்திற்கு உரியனவாகப் பாடினர். சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயரைத் தந்த தில்லை மரமும் இக்காட்டைச் சார்ந்ததே. அலையை ஆற்றுவது என்று பொருள் கொள்ளுமாறு அலையாத்தி என்னும் பெயரே அமைந்துள்ளது. அப்பெயரை ஆழிப்பேரலை மெய்ப்பித்ததா என்பது பேரிடரின்பின் எழுந்த வினா.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் ஆய்வு மையம் உள்ளது. அதனைச் சார்ந்த கதிரேசன் என்பவரும் ராஜேந்திரன் என்பவரும் அக்கரையோரத்து 18 குப்பங்களை ஆராய்ந்து 2005ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டனர். குப்பத்தின் முன்னுள்ள மரஞ்செடிகளின் பரப்பு, கடலிலிருந்து குப்பத்தின் தொலைவு, அதன் தரை உயரம் ஆகிய மூன்று மாறிகளையும் அளந்து, இவை மிக மிக உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் குறைந்தன என்று கண்டனர். மூன்றும் எதிர்த்தொடர்புகள். மக்கள் கரையிலிருந்து 1 கிலோமீட்டருக்கு அப்பால், மேட்டுநிலத்தில், அடர்ந்த காட்டிற்குப் பின்னே குடியிருத்தல் வேண்டும் என்பது அவர்களது பரிந்துரை. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் "சயன்ஸ்" என்னும் அமெரிக்க இதழில் டேனியல்சன் முதலியோர் எழுதிய கட்டுரையும் கடலூர் மாவட்டத்தைப் பற்றியதே. அலையாத்திக் காட்டைச் சார்ந்த ஊர்களுள் கடலோரத்தில் நின்ற இரண்டு முற்றும் அழிந்தன என்றும், காட்டிற்குப் பின்னிருந்த மூன்று அழிவின்றித் தப்பின என்றும் அதில் கூறப்பட்டது.

2006ஆம் ஆண்டில் கெர், பெயர்டு, காம்பெல் என்னும் மூவர், பரங்கிப்பேட்டை எண்களையே எடுத்து மீண்டும் கணக்கிட்டனர். மூன்று மாறிகளையும் தனித்தனியே சாவோடு ஒப்பிடுதல் தகாது என்பது அவர்களது தடை. தொலைவும் உயரமும் ஒத்த குப்பங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுமிடத்து, மரப்பரப்பின் வேறுபாட்டால் சாவில் வேறுபாடு காணப்படவில்லை என்று அவர்கள் முடிவு கூறினர்.

4. ஓர் எளிய கணக்கு

ஒரே எண்களிலிருந்து இவ்வாறு மாறுபட்ட முடிவுகள் எங்ஙனம் தோன்றும் என்பதை விளக்க, முற்றும் கற்பனையான கணக்கொன்றை இங்கே தருகிறோம். பன்னிரண்டு குப்பங்கள் உள்ளன என்று கொள்க. அவற்றுள் ஆறு கடலுக்கு அருகில் உள்ளவை. ஆறு தொலைவில் உள்ளவை. அருகிலுள்ள ஆறனுள் ஐந்திற்குக் காடில்லை, ஒன்றிற்குக் காடுண்டு. தொலைவிலுள்ள ஆறனுள் ஐந்திற்குக் காடுண்டு, ஒன்றிற்குக் காடில்லை. அருகிலுள்ள ஒவ்வொன்றிலும், காடு இருப்பினும் இல்லாவிடினும், ஆயிரம் பேருக்கு 20 பேர் இறந்தனர். தொலைவிலுள்ள ஒவ்வொன்றிலும் அவ்வாறே 2 பேர் இறந்தனர் என்க.

இக்கணக்கில் காடு ஓருயிரையும் காக்கவில்லை. ஆயினும் தொலைவை மறந்து சராசரி எடுத்துப் பார்ப்போம். காடில்லாத ஆறு குப்பங்களில், ஐந்தில் இருபது இருபதும் ஒன்றில் இரண்டும் சேர 102; ஆறால் வகுக்க 17. காடுள்ள ஆறு குப்பங்களில், ஒன்றில் இருபதும் ஐந்தில் இரண்டிரண்டும் சேர 30. ஆறால் வகுக்க 5. காடு இருந்தமையால் சாவு 17இலிருந்து 5 ஆகக் குறைந்தது என்றே எவரும் எண்ணுவர். தொலைவு என்னும் உபாதி இங்கே காட்டின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மெய்யான கடற்கரையிலும் இம்மயக்கத்திற்கு இடமுண்டு. குப்பத்தின் முன்னே பரந்த காடு வளர வேண்டுமாயின், குப்பத்திற்கும் கடலுக்கும் இடையே பரந்த நிலம் வேண்டும். ஆகவே காட்டின் பரப்பும் கடலின் தொலைவும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பின்னிய இழைகளைப் பிரிப்பதற்கு 18 என்னும் எண் மிகச் சிறியது. முதற்கட்டுரையாளர் தடைக்கு விடை எழுதினர். அவ்வாண்டிலேயே வேறிருவர் அவ்வெண்களை மற்றொரு முறையால் கணக்கிட்டுக் காடு உதவியது என்றே எழுதினர். இவ்வாறு வாதம் நீண்டது. "காடு பயனற்றது" என்று இதனால் துணிதலும் தவறு. அப்பதினெட்டுக் குப்பங்களின் எண்களைக் கொண்டு மட்டும் காட்டின் பயனைத் தனியே பிரித்து அளத்தல் அரிது என்பதே நாம் கொள்ளத்தக்கது.

பிரித்து அளத்தற்கு ஏற்ற சான்று ஒடிசா மாநிலத்தில் கிடைத்தது. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் அங்கே கரை கடந்த பெரும்புயலைப் பற்றிச் சௌதாமினி தாஸ், ஜெப்ரி வின்சென்ட் என்னும் இருவர் பல நூறு ஊர்களின் விவரங்களைத் தொகுத்து, 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வேறு பல மாறிகளையும் கணக்கிற் சேர்த்த பின்னரும், அகன்ற அலையாத்திக் காட்டிற்குப் பின்னிருந்த ஊர்களில் சாவு குறைந்தேயிருந்தது. அவர்களே மற்றொன்றையும் கூறினர்: காடு காத்த உயிர்களினும், அரசினர் விடுத்த புயல் எச்சரிக்கை காத்த உயிர்கள் மிகுதி. புயலலையும் ஆழிப்பேரலையும் ஒரு தன்மையன அல்லவாதலின், ஒன்றிற் கண்ட பயனை மற்றொன்றிற்கு அப்படியே ஏற்றிக் கூறுதலும் ஆகாது.

5. ஊரின் கணக்கும் ஆளின் கணக்கும்

இதுகாறும் கூறிய கணக்குகளில் குப்பமே ஓரலகாக நின்றது. ஆட்கள் தனித்தனியே எண்ணப்படவில்லை. இதனாலும் மயக்கம் விளையும். டபிள்யூ. எஸ். ராபின்சன் என்னும் அமெரிக்கர் 1950ஆம் ஆண்டில் இதனை நன்கு விளக்கினார். அந்நாட்டின் 1930ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், வெளிநாட்டிற் பிறந்தோர் மிக்க மாநிலங்களில் எழுதப் படிக்க அறியாதார் குறைந்திருந்தனர், கெழு −0.53. இதனைக் கண்டு, வெளிநாட்டிற் பிறந்தோர் கல்வி மிக்கவர் என்று கூறத் தோன்றும். ஆளை ஆளாக எண்ணினாலோ, வெளிநாட்டிற் பிறந்தோரிடையே எழுத்தறியாமை சற்று மிகுதியே, கெழு +0.12. வந்தவர்கள் கல்வி பரவிய மாநிலங்களிற் குடியேறியமையே இம்முரணுக்குக் காரணம். மாநிலக் கணக்கில் எதிராய் நின்ற தொடர்பு ஆள்கணக்கில் நேராய் மாறிற்று.

நம் குப்பங்களிலும் ஆளை ஆளாக எண்ணியபொழுது வேறொன்று புலப்பட்டது. கடலூர் மாவட்டத்தில் ஆண்கள் 146 பேரும் பெண்கள் 391 பேரும் இறந்தனர் என்று ஆக்ஸ்பாம் என்னும் தொண்டு நிறுவனம் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட சிற்றறிக்கை கூறுகின்றது. ஒரே குப்பம், ஒரே தொலைவு, ஒரே உயரம், ஒரே காடு. ஆயினும் பெண்களின் சாவு ஏறத்தாழ மும்மடங்கு. ஆடவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். ஆழ்கடலில் அவ்வலை உயர்ந்து எழுவதில்லை. மகளிரோ கரையில் மீன் வரவுக்குக் காத்தும், வீட்டில் குழந்தைகளைப் பேணியும் இருந்தனர். மரத்தையும் மேட்டையும் மட்டும் அளந்தவர்க்கு இவ்வேறுபாடு அகப்படாது. காடு எவ்வளவு வளர்ப்பினும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஓடும் வழியும் நீந்தும் பயிற்சியும் காலத்தில் எட்டும் எச்சரிக்கையும் இல்லையேல் இம்மும்மடங்கு குறையுமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

6. முடிவுரை

ஓர் எதிர்த்தொடர்பைக் கேட்டவுடன் மூன்று வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும். முதலாவது, இரு மாறிகளோடும் பின்னி நிற்கும் மூன்றாவதொன்று உளதா, உளதாயின் அதனைச் சமமாக்கி ஒப்பிட்டனரா? இரண்டாவது, எண்ணப்பட்டவை ஊர்களா, ஆட்களா? மூன்றாவது, முன்னதை நாம் மிகுவித்தால் வேறு எது குறையும்?

மூன்றாம் வினாவை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். கடலிலிருந்து தொலைவு மிகச் சாவு குறையும் என்பதை மேற்கூறிய இரு சாராரும் மறுக்கவில்லை. ஆயின் கடலிலிருந்து தொலைவு மிக மீனவர் பிழைப்பும் குறையும். படகையும் வலையையும் காப்பதும், கடலின் நிறத்தையும் காற்றின் போக்கையும் நோக்கித் தொழிலுக்குப் புறப்படுவதும், இறங்கிய மீனை வாடுமுன் விற்பதும் கரையருகே வாழ்வார்க்கே எளிது. 2005ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசினர் கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் புதுவீடுகள் அளிக்க முன்வந்தனர். அதற்குள் இருக்க விரும்புவோர் இருக்கலாம், ஆனால் அவர்களுக்கு அரசின் வீட்டுதவி இல்லை என்றனர். உயிரச்சம் ஒருபாலும் வயிற்றுப்பாடு ஒருபாலும் இழுக்க, ஒவ்வொரு குடும்பமும் தன் முடிவைத் தானே காணவேண்டியதாயிற்று. 1 கிலோமீட்டர் என்று ஏட்டில் எழுதுதல் எளிது; அத்தொலைவை நாள்தோறும் கூடையைச் சுமந்து நடப்பவர் மீனவப் பெண்டிர்.

2007ஆம் ஆண்டு முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்கிவருகின்றது. அலையாத்திக் காடு இறாலுக்கும் மீனுக்கும் நாற்றங்காலாய் நின்று குப்பத்தார்க்கு உணவளிப்பது. அப்பயன் ஒன்றே அதனைப் பேணப் போதுமானது. புயலலையைத் தணித்தல் அதற்கு மேற்பட்ட பயன். ஆனால் "காடு உண்டு, இனி அச்சமில்லை" என்று எச்சரிக்கையைக் கேளாது இருந்துவிடுதல், இலண்டனில் மேட்டின்மேல் ஏறி நின்று கெட்ட நீரைப் பருகியதற்கு ஒப்பாகும்.

நம் கல்லூரியிற் பயில்வோருள் பலர் நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் மருத்துவராகவும் இக்கடற்கரை ஊர்களில் பணியாற்றப் போகின்றவர். "இது மிக, அது குறையும்" என்னும் வாக்கியம் அறிக்கையாகவும் ஆணையாகவும் அவர்கள் மேசைக்கு வரும். அப்பொழுது, குறைந்தது எது, குறைத்தது எது என்று இரண்டையும் வேறு வேறாக வினவியபின் கையெழுத்திடுவாராக. அவ்வினாவிற்கு விடை காணச் செல்லும் நாழிகை சிறிது. அதனைப் பொறுத்து நிற்கும் உயிர்களோ பல.